புல்லட் கிளட்ச் கையை வலிக்க வைக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டை மனதில் வைத்து எழுதியவை. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய வண்டி. நம் ஊரில் அதற்கு ரசிகர்களும் அதிகம், ‘கிளட்ச் பிடிச்சே கை போயிடுச்சு’ என்று புலம்புகிறவர்களும் அதிகம். வேறு வண்டி வைத்திருப்பவர்களும் படிக்கலாம். கேபிளில் இழுக்கும் கிளட்ச் என்றால் அடிப்படை ஒன்றுதான்.

என் வண்டியின் கிளட்ச் உண்மையிலேயே ஹார்டா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு, அவர் வண்டியின் லிவரை நாலு தடவை பிடித்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது வண்டியின் சுபாவம். உங்களுடையது மட்டும் கனமாக இருந்தால் எங்கோ ஏதோ உரசுகிறது. அதைச் சரிசெய்ய முடியும்.

பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டும், அதற்குப் பின் வந்த யூசிஇ (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) இன்ஜின் வண்டிகளும் பிறவியிலேயே கொஞ்சம் கனம்தான். 2020-இல் மீட்டியார் மாடலில் அறிமுகமாகி 2021-இல் கிளாசிக் மாடலுக்கும் வந்த ஜே சீரிஸ் இன்ஜினில் கிளட்ச் தெளிவாகவே இலகு. புது கிளாசிக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பத்து வருட வண்டியைக் குறை சொன்னால் அதில் நியாயமில்லை.

நாளாக நாளாகக் கனம் கூடியது என்றால் காய்ந்துபோன கேபிளைச் சந்தேகப்படலாம். நேற்றுவரை சரியாக இருந்து இன்று திடீரென்று கனத்தது என்றால் கேபிளுக்குள் கம்பி இழைகள் அறுந்துகொண்டிருக்கலாம். அதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருப்பது பிரஷர் பிளேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்குகள். லிவரைப் பிடிக்கும்போது அந்த ஸ்பிரிங்குகளை எதிர்த்து பிரஷர் பிளேட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்குகிறீர்கள், அவ்வளவுதான். இன்ஜினின் இழுவை அதிகமென்றால் பிளேட் நழுவாமல் இருக்க அழுத்தமும் அதிகம் வேண்டும்.

ஆனால் கைக்கு வரும் கனம் முழுவதும் ஸ்பிரிங்குடையது இல்லை. வழியில் கேபிளின் உரசல், லிவர் போல்ட்டின் உரசல், இன்ஜின் பக்கம் கேபிள் இழுக்கும் சிறு கையான ஆர்மின் உரசல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஸ்பிரிங்கின் பங்கைக் குறைத்தால் வேறு எதையாவது இழக்க வேண்டியிருக்கும். உரசலைக் குறைத்தால் எந்த இழப்பும் இல்லை. ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது உரசலில்தான். நிறையப் பேர் அதை விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போய் ‘ஈஸி கிளட்ச்’ கேட்கிறார்கள்.

குறை கேபிளிலா, இன்ஜின் பக்கமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஸ்பேனர் போதும். லிவர் பக்கமும் கீழேயும் உள்ள அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, இன்ஜின் பக்க ஆர்மிலிருந்து கேபிள் நுனியைக் கழற்றுங்கள். இப்போது கேபிளின் கீழ் நுனியை ஒரு கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் லிவரை மெதுவாகப் பிடித்து விடுங்கள். ஸ்பிரிங்கின் கனம் இப்போது இல்லை. கேபிள் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கரகரவென்று ஒரு உணர்வு விரலுக்கு வந்தாலோ, ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து விட்டாலோ கேபிள்தான் குற்றவாளி.

அப்புறம் லிவர் முனையில் உள்ள கேபிள் நுனியையும் கழற்றிவிட்டு லிவரை மட்டும் ஆட்டிப் பாருங்கள். தன் எடையிலேயே தொளதொளவென்று ஆட வேண்டும். ஆடவில்லையா? லிவர் சுழலும் பிவட் போல்ட்டை யாரோ முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டை அப்படி இறுக்கக்கூடாது. லிவர் தடையில்லாமல் திரும்பும் அளவுக்கு வைத்து, கீழே உள்ள லாக் நட்டைத்தான் இறுக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றிப் பழைய கருப்புப் பிசுக்கைத் துடைத்து, புது கிரீஸ் தடவுங்கள். கேபிளின் உருண்டை நிப்பிள் உட்காரும் குழியிலும் ஒரு பொட்டு கிரீஸ். லிவரைப் பிடிக்கும்போது அந்த நிப்பிள் தன் குழிக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கம்பி அந்த இடத்தில் மடங்கும்; பெரும்பாலான கேபிள்கள் அறுவதும் அங்கேதான்.

கடைசியாக இன்ஜின் பக்க ஆர்ம். கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங்கைத் தொடும்வரை உள்ள சிறு தூரம் தடையின்றி நகர வேண்டும். துரு, மண், மழைத் தண்ணீர் சேர்ந்து அந்த ஷாஃப்ட் இறுகிப் போயிருப்பது கடற்கரைப் பக்க வண்டிகளில் சகஜம்.

கேபிளுக்கு ஆயில் விடுவது எப்படி? மேலே நாலு சொட்டு விட்டால் போதுமா?

போதாது. மேலே விட்ட ஆயில் மேலேயே நின்றுவிடும். இதற்கென்று கேபிள் ஆயிலர் என்ற சின்னக் கருவி விற்கிறது; சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கேட்டால் கிடைக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பட்டறைகளில் காலங்காலமாகச் செய்யும் வழி ஒன்று இருக்கிறது.

கேபிளின் மேல் முனையை லிவரிலிருந்து கழற்றி நேராக மேலே நிறுத்துங்கள். மளிகைக் கடை பாலிதீன் பை ஒன்றின் மூலையை வெட்டி, கேபிளின் வெளி உறை பைக்குள் அரை அங்குலம் போகும்படி நுழைத்து, ரப்பர் பேண்டால் நாலைந்து சுற்று இறுகக் கட்டுங்கள். பைக்குள் இரண்டு மூன்று ஸ்பூன் மெல்லிய ஆயில் ஊற்றி, பையைக் கண்ணாடியிலோ மேலே ஆணியிலோ மாட்டிவிடுங்கள். இடையிடையே உள்கம்பியை மேலும் கீழும் இழுத்துவிட்டால் ஆயில் சீக்கிரம் இறங்கும். ராத்திரி மாட்டிவிட்டுப் படுத்தால் காலையில் கீழ் முனையில் சொட்டியிருக்கும். முதலில் வரும் சொட்டு துருவோடு செம்பழுப்பாக வரும். தெளிவாக வரும்வரை விடுங்கள். கீழே பழைய செய்தித்தாள் போட மறக்காதீர்கள், வீட்டில் திட்டு விழும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். கெட்டி கிரீஸும் உள்ளே போகாது, போனாலும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய மெஷின் ஆயில் போதும்.

சில கேபிளுக்கு ஆயிலே விடக்கூடாது என்கிறார்களே?

உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் குழாய் வைத்த கேபிளைச் சொல்கிறார்கள். வெளி உறையின் வெட்டிய முனையைப் பார்த்தால் கம்பியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் தெரியும். அதற்கு ஆயில் தேவையில்லை. கண்ட ஆயிலையும் ஊற்றினால் அந்தக் குழாய் சில சமயம் உப்பிக்கொண்டு இன்னும் கனத்துவிடும். அது இறுகிவிட்டால் சுத்தம் செய்து பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் மாற்றிவிடுவதுதான் வழி.

புதுக் கேபிள் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஏன்?

கேபிள் போகும் வழியைப் பாருங்கள். கம்பி ஒவ்வொரு வளைவிலும் உறையின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு ஓடும். வளைவு கூர்மையாக ஆக உரசல் ஏறும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் வயர்களோடு சேர்த்து டேக் போட்டு இறுக்கியிருப்பார்கள், அல்லது டேங்க்குக்குக் கீழே கேபிளை நசுக்கி டேங்க்கை உட்கார வைத்திருப்பார்கள். ஹேண்டில் பாரைக் கடைசிவரை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் லிவரைப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலகுவாகவும் இருந்தாலோ, ப்ளே (கிளட்ச் வேலை தொடங்கும் முன் லிவரில் உள்ள தளர்வு) மாறினாலோ, வழி சரியில்லை.

உயரமான ஹேண்டில் பார் மாற்றியவர்களுக்கு இது இன்னும் அதிகம். பாரை மாற்றிவிட்டுப் பழைய நீளக் கேபிளையே விட்டால் அது விறைத்து நிற்கும். அந்த பாருக்கு ஏற்ற நீளக் கேபிள் வாங்க வேண்டும்.

கேபிளின் தரத்திலும் வித்தியாசம் உண்டு. நூறு ரூபாயை மிச்சம் பிடித்து டூப்ளிகேட் கேபிள் வாங்குவதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

ஃப்ரீ ப்ளே எவ்வளவு இருக்க வேண்டும்? அது கனத்தை மாற்றுமா?

லிவரின் அடியில், அதாவது லிவருக்கும் அதன் பிடிப்பானுக்கும் இடையில், 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்பது வழக்கமான அளவு. லிவர் நுனியில் பார்த்தால் பல வண்டிகளில் அது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு.

ப்ளே மாறுவதால் ஸ்பிரிங்கின் பலம் மாறாது. ஆனால் கனம் கையின் எந்த நிலையில் வருகிறது என்பது மாறும். விரலை முழுக்க நீட்டிப் பிடிக்கும்போது கைக்கு பலம் குறைவு. பாதி மடக்கிய நிலையில்தான் பிடி நன்றாக இருக்கும். கேபிளை விறைப்பாக வைத்தால் விரல் நீண்டிருக்கும்போதே முழுக் கனமும் வந்துவிடும். சின்னக் கை உள்ளவர்கள் ப்ளேயை அனுமதித்த அளவின் மேல்பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அதைத் தாண்டிப் போனால் கிளட்ச் முழுதாகப் பிரியாது, நியூட்ரல் விழாமல் சிக்னலில் அவஸ்தைப்பட வேண்டும். ப்ளேயே இல்லாமல் வைப்பது இதைவிட மோசம். பிளேட் எப்போதும் லேசாக நழுவி, வீணாகத் தேயும்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கியர் பாக்ஸ் பக்கமும் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் உண்டாமே?

உண்டு. கிளட்ச் இடப்பக்கம், கேபிள் வந்து சேர்வது வலப்பக்கம். நடுவே கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டுக்குள் ஓடும் புஷ் ராடுதான் பிரஷர் பிளேட்டைத் தள்ளுகிறது. கேபிளின் ப்ளேயை மட்டும் திருகிக்கொண்டே போனால், கீழே உள்ள ஆர்ம் தப்பான கோணத்துக்குப் போய்விடும். கேபிளும் ஆர்மும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கும்போதுதான் இழுப்பு முழுசாகப் பயன்படும். கோணம் கெட்டால் அதே ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும்.

முறை இதுதான்: முதலில் கேபிளை நன்றாகத் தொய்ய விடுங்கள். கியர் பாக்ஸ் மூடியில் உள்ள சின்ன கேப்பைத் திறந்தால் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ராடைத் தொடும்வரை மெதுவாகத் திருகி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் எடுத்து, லாக் நட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகு கேபிளின் ப்ளேயை வையுங்கள். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

கடையில் விற்கும் ஈஸி கிளட்ச், ஆர்ம் எக்ஸ்டென்ஷன் எல்லாம் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் இலவசமாகச் செய்யாது. இன்ஜின் பக்க ஆர்மை நீளமாக்குவதுதான் அதன் சூட்சுமம். உதாரணத்துக்கு 40 மில்லிமீட்டர் ஆர்மை 50 ஆக்கினால் கேபிளை இழுக்க வேண்டிய பலம் 20 சதவீதம் குறையும். அதே சமயம், அதே அளவு கேபிள் இழுப்புக்கு பிரஷர் பிளேட் உயரும் தூரமும் 20 சதவீதம் குறையும். லிவர் பக்கம் கேபிள் மாட்டும் இடத்தைப் பிவட்டுக்கு அருகே கொண்டுபோகும் லிவர்களும், கேபிளின் நடுவே மாட்டும் கப்பி டைப் கருவிகளும் இதே கணக்குதான். பெயர் எதுவாக இருந்தாலும் பலத்தில் மிச்சம் பிடிப்பதைத் தூரத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எனவே கேள்வி, உங்கள் கிளட்சில் அந்தத் தூரம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான். பிளேட் நேராக, ப்ளே சரியாக, கேபிள் நன்றாக இருக்கும் வண்டியில் பெரும்பாலும் கொஞ்சம் இருக்கும். சிறிய எக்ஸ்டென்ஷனைத் தாங்கும். ஏற்கெனவே கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வண்டியில் மாட்டினால் முதல் கியர் போடும்போது ‘டங்’ என்று குதிக்கும், கிளட்ச் பிடித்திருந்தாலும் வண்டி ஊர்ந்து போகும், நியூட்ரல் கிடைக்காது. மாட்டிய பிறகு வண்டி சூடானதும் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்று இருந்தாலும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. கியர் பாக்ஸ் செலவோடு ஒப்பிட்டால் கை வலிக்குத் தைலம் மலிவு.

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினால் இலகுவாகும் என்று ஒருவர் சொன்னார்.

ஆகும். கூடவே கிளட்ச் ஸ்லிப் ஆகும், பிளேட் கருகும். வெட்டிய ஸ்பிரிங் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்காது. பிரஷர் பிளேட் சாய்ந்து தூக்கும். செய்யாதீர்கள்.

மெக்கானிக் பிளேட் செட் மாற்றினால் சரியாகும் என்கிறார்.

கனத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். பிளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து லிவர் இலகுவாகத்தான் ஆகும். புது பிளேட் போட்டால் கொஞ்சம் கனம் கூடவும் செய்யலாம். கார்களில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் கிளட்சில் கதை தலைகீழ்: அங்கே பிளேட் தேய்ந்தால் பெடல் கனக்கும். அந்த அனுபவத்தை வைத்து பைக்குக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். நீங்கள் எதுவும் செய்யாமலே கிளட்ச் தானாக இலகுவாகிவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்துவிட்டது.

ஆயில் மாற்றினால் குறையுமா?

லிவர் கனத்துக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் ஆயிலில் கிளட்ச் நனைந்து ஓடும் வண்டிக்கு டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்றால் அது ஸ்கூட்டருக்கு.

குட்டை லிவர் போட்டால் கைக்கு நல்லதா?

பார்க்க அழகு, கைக்குத் தண்டனை. லிவரின் நுனிக்கு அருகே பிடித்தால் பலம் குறைவாகப் போதும். குட்டை லிவரில் அந்த நுனியே இல்லை. வாங்குவதென்றால் முழு நீளத்தில், பிடியிலிருந்து உள்ள தூரத்தை மாற்றிக்கொள்ளும் சக்கரம் வைத்த லிவராக வாங்குங்கள். தடித்த கிரிப், ஃபோம் கிரிப் போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் விரலைத் தள்ளி வைக்கிறது.

செலவே இல்லாமல் ஏதாவது வழி?

லிவரின் கோணம். வண்டியில் வழக்கம்போல் உட்கார்ந்து, கையை கிரிப்பில் வைத்து, விரல்களை நேராக நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வந்து லிவரின் மேல் விழ வேண்டும். ஷோரூமிலிருந்து வரும் பல வண்டிகளில் லிவர் மேலே தூக்கி இருக்கும். ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைப் பின்னால் மடக்கித்தான் பிடிக்கிறோம். மடங்கிய மணிக்கட்டில் பிடிக்கு பலமும் குறையும், நரம்பு போகும் குகையும் நெருக்கப்படும். பிடிப்பானின் போல்ட்டைத் தளர்த்தி லிவரைக் கொஞ்சம் கீழே திருப்பி இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை. பலருக்கு இது மட்டுமே பாதி வலியைக் குறைத்துவிடும்.

அடுத்தது பழக்கம். அறுபது வினாடி சிக்னலில் முதல் கியர் போட்டு கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்பவர்கள் எத்தனை பேர்! நிற்கும் முன்பே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நகரும்போது புல்லட்டில் நியூட்ரல் சுலபமாக விழும், நின்றபின் தேட வேண்டும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் முன் வண்டியை ஒட்டிக்கொண்டே போகாமல் கொஞ்சம் இடம் விட்டால், பத்துத் தடவை கிளட்ச் பிடிக்கும் இடத்தில் மூன்று தடவை போதும். ஓடும்போது மேல் கியர் மாற்ற லிவரை கிரிப் வரை இழுக்கவும் வேண்டியதில்லை. பிளேட் பிரியும் அளவு இழுத்தால் போதும்.

கை மரத்துப் போகிறது. இதுவும் கிளட்சாலா?

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் மரத்துப்போவது, ராத்திரியில் கை எரிச்சலில் விழிப்பு வருவது, பொருள் கை நழுவுவது எல்லாம் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கட்டைவிரல் அடியில் சுளீரென்று வலிப்பது வேறு, அது தசைநாண் சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் கேபிளுக்கு ஆயில் விடுவது வைத்தியம் ஆகாது. எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

ஹைட்ராலிக் கிளட்ச்சாக மாற்றலாமா?

கேபிளுக்குப் பதில் திரவம் தள்ளுவதால் வளைவுகளில் உரசல் கிடையாது, ப்ளேயும் தானாகச் சரியாகிக்கொள்ளும். ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் அளவுகள் பொருந்தாவிட்டால் கேபிளைவிடக் கனமாகவும் முடியும். உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட் இருந்தால் யோசிக்கலாம். பழைய மார்க்கெட்டில் வேறு வண்டியிலிருந்து கழற்றியதைப் பொருத்துவது பணத்துக்குப் பிடித்த கேடு.

ஸ்லிப் அண்ட் அசிஸ்ட் கிளட்ச் என்றால் என்ன? அதில் எப்படி இவ்வளவு இலகு?

இங்கேதான் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கிளட்ச் ஹப்பில் சாய்வான பற்கள் வெட்டியிருப்பார்கள். இன்ஜின் வண்டியை இழுக்கும்போது அந்தச் சாய்வு பிளேட்டுகளைத் தானே உள்ளே இழுத்து இறுக்கும். இறுக்கும் வேலையில் ஒரு பங்கை இன்ஜினே செய்வதால் ஸ்பிரிங்கை மெலிதாக வைக்க முடிகிறது. சடாரென்று கியரைக் குறைக்கும்போது இதற்கு நேரெதிராக, சாய்வு பிளேட்டுகளைத் தளர்த்தி விடுகிறது. பின் சக்கரம் குதிக்காது. ராயல் என்ஃபீல்டில் 2018-இல் வந்த 650 வண்டிகளில் இது இருக்கிறது. 2025-இல் ஹன்டர் 350-க்கும் கொடுத்தார்கள். அதனால்தான் 650 சிசி வண்டியின் கிளட்ச் பழைய 350-ஐவிட இலகுவாக இருக்கிறது. பழைய வண்டியில் இதைக் கொண்டுவர ஹப், பிளேட், ஸ்பிரிங் எல்லாம் மாற வேண்டும். செலவுக்கு அது தகாது.

கிளட்ச் லிவரே வேண்டாம் என்றால்?

டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிவிடலாம் என்பது விளையாட்டுப் பதில் மட்டுமல்ல. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் அதன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கியர் இருந்து லிவர் இல்லாத பைக் வேண்டுமென்று ஓசூர் டிவிஎஸ் 2009-இல் ஜைவ் கொண்டுவந்தது, ஓடவில்லை. ஹோண்டா 2023-இல் அறிவித்த இ-கிளட்சில் லிவரும் இருக்கிறது, பிடிக்காமலும் ஓட்டலாம், மோட்டார் பார்த்துக்கொள்ளும். முதலில் 650 சிசி வண்டிகளில் வந்ததால் விலை எட்டாக்கனிதான். மணிக்கட்டு ஆபரேஷன் ஆனவர்கள் புல்லட் ஆசையை விட முடியவில்லை என்றால், பழையதை ரிப்பேர் செய்வதைவிட 2025 முதல் வந்த ஹன்டரை ஒரு தடவை டெஸ்ட் ரைடு எடுத்துப் பார்க்கலாம். காலையில் ரோடு காலியாக இருக்கும்போது எடுக்காதீர்கள். சாயங்காலம் ஆறரை மணி டிராஃபிக்கில் எடுங்கள்.